பாட்டியின் சிங்கர் மெஷின் உங்கள் கைக்கு வந்துவிட்டதா?

பரணில் கிடந்த கறுப்பு சிங்கர் மெஷின் உங்கள் பங்குக்கு வந்திருக்கலாம். அல்லது காயலான் கடையில் பார்த்துவிட்டு விலை பேசிக்கொண்டிருக்கலாம். வீட்டில் உடை தைக்கவும் குயில்ட் போடவும் இது அருமையான மெஷின். நேர்த்தையல் மட்டுமே போடுவதால் ஊசித் தட்டில் ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும். மெல்லிய துணிகூட அதற்குள் இழுபடாது, தையல் நேராக விழும். இத்தனை காலம் தாங்கிய மெஷினை ஒரே மாலையில் பாழாக்கியவர்கள் உண்டு, அதை வைத்து ஏமாந்தவர்களும் உண்டு. கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். வலப்பக்கத் தூணின் அடியில் பொறித்திருக்கும். வெறும் எண் என்றால் 1900-க்கு முந்தையது. முன்னால் எழுத்து இருந்தால் 1900 அல்லது அதற்குப் பிந்தையது.

2. பணம் கொடுக்கும் முன் வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான், சரிசெய்துவிடலாம். வார்ப்பிரும்பில் விரிசல் கண்டால் வாங்க வேண்டாம்.

3. ஸ்லைடு பிளேட்டை நகர்த்தி உள்ளே பாருங்கள். 27, 28 மாடல்களுக்குத் தோட்டா வடிவ ஷட்டிலும் நீளமான பாபினும் வேண்டும். இவை தொலைந்திருந்தால் சாதாரண தையல் சாமான் கடையில் கிடைப்பது கடினம்.

4. கூடவே வந்த டப்பாவையும் கேட்டு வாங்குங்கள். சுருக்கு வைக்கும் ஃபுட், விளிம்பு மடிக்கும் ஃபுட், பழைய கையேடு எல்லாம் அதில்தான் இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

5. இறுகிய இணைப்புகளில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிசின்போல் உறைந்த பழைய எண்ணெய் இளகும். நன்றாகத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது.

6. புது ஊசி மாட்டுங்கள். நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஊசியின் தட்டைப் பகுதி இருக்கவேண்டும். மாற்றி மாட்டினால் தையல் விட்டுவிட்டு விழும்.

7. முதலில் பழைய காட்டன் துணியில் தைத்துப் பாருங்கள். நூல் இழுவிசை சரியானதும் துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு), துணி என மூன்றடுக்கு வைத்து ஓட்டுங்கள். குயில்ட்டுக்கு வாங்கிய புதுத் துணியை முன்பே நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கும்.

8. மரப்பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறு துளைகளும் மரத்தூளும் இருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் பரவலாம்.

செய்யக்கூடாதவை

1. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இன்று ஓடும், சில மாதங்களில் பசையாகி மெஷினையே பூட்டிவிடும். சமையல் எண்ணெய் எதுவுமே வேண்டாம்.

2. ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் கொண்டு துடைக்காதீர்கள். தங்கநிறப் பூவேலையின் மேல் இருப்பது அரக்கு வார்னிஷ். ஆல்கஹால் பட்டால் அது கரையும், பூவேலையும் சேர்ந்து போகும்.

3. புது பெயின்ட் அடிக்காதீர்கள். சேகரிப்பவர்களுக்கு வேண்டியது அசல் பூச்சுதான். தேய்ந்த அசலுக்கு உள்ள மதிப்பு பளபளக்கும் பெயின்டுக்கு இல்லை.

4. மோட்டார் வைத்த மெஷினை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பழைய வயரின் ரப்பர் உறை வெடித்திருந்தால் ஷாக் அடிக்கும். 1933-இல் வந்த 221 ஃபெதர்வெயிட் போன்றவை அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் 110 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் மோட்டார் எரிந்துபோகும். எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

5. துணி வைக்காமல் ஃபுட்டை இறக்கி ஓட்டாதீர்கள். துணியைத் தள்ளும் பற்கள் ஃபுட்டில் உரசித் தேயும். வீலைப் பின்னோக்கிச் சுற்றவும் வேண்டாம், நூல் சிக்கும். பெரும்பாலான சிங்கர் மெஷின்களில் வீலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரவேண்டும்.

6. துருப்பிடித்த ஸ்க்ரூவை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். தலை சிதைந்தால் அதே அளவு ஸ்க்ரூ கிடைப்பது அரிது. எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள், காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே எடுங்கள்.

7. ‘நூறு வருஷம் பழசு’ என்ற பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை முதல் உலகப் போருக்கு முன்பே ஆண்டுக்குப் பத்து லட்சம் மெஷின்களுக்கு மேல் செய்தது. வயதை மட்டும் வைத்து எதுவும் அபூர்வமாகிவிடாது. மாடல், நிலைமை, முழுமை மூன்றையும் பாருங்கள்.

8. ‘ரெட் மெர்க்குரி’ கதையை நம்பாதீர்கள். சிங்கர் மெஷினுக்குள் அந்தப் பெயரில் விலைமதிப்பற்ற ஒரு பொருள் இருக்கிறது, ஊசி அருகே செல்போனைக் கொண்டுபோனால் லைன் கட்டாகும் என்று 2009-இல் சவுதி அரேபியாவில் வதந்தி கிளம்பியது. பழைய மெஷின்களின் விலை தாறுமாறாக ஏறியது. அப்படி ஒரு பொருள் எந்த மெஷினிலும் இல்லை. லட்சக்கணக்கில் தருகிறேன், முதலில் ‘டெஸ்டிங்’ செலவுக்குப் பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் போலீஸில் சொல்லுங்கள்.

இன்று மூன்று வேலை போதும்: எண்ணைப் படம் எடுங்கள், மெல்லிய காட்டன் துணியால் தூசியைத் துடையுங்கள், ஒரு பாட்டில் மெஷின் எண்ணெயும் ஒரு பாக்கெட் புது ஊசியும் வாங்கி வையுங்கள். மெஷினை ஓடவிட்டால்தான் அது நன்றாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதில் உட்கார்ந்து தையுங்கள்.