ரோமானிய வீரன் உப்பையா சம்பளமாக வாங்கினான்?

நிர்வாகவியல் வகுப்புகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. ரோமானியப் படைவீரர்களுக்குக் கூலியாக உப்பு அளந்து கொடுக்கப்பட்டதாம். அதனால்தான் ஆங்கிலத்தில் 'சேலரி' என்ற சொல் வந்ததாம். அடுத்த மூச்சிலேயே தமிழ்ச் சான்றும் வந்துவிடும்: சம்பா நெல்லும், அளம் எனப்படும் உப்பும் சேர்ந்ததுதான் 'சம்பளம்' என்பார்கள். ஒரு கதைக்கு மற்றொரு கதை சாட்சி சொல்வதால் கேட்பவர் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறார். 'சம்பளம்' பற்றிய வழக்கு தமிழறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. அது இங்கே வேண்டாம். லத்தீன் பாதியை மட்டும் பழைய ஆவணங்களை வைத்தே சோதித்துவிடலாம்.

லத்தீனில் 'ஸால்' என்றால் உப்பு. அதிலிருந்து 'ஸலாரியும்' என்ற சொல் பிறந்தது என்பதும் உண்மை. வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79-இல் உயிரிழந்த மூத்த பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலில் இந்த உறவைக் குறிப்பிடுகிறார். ஆனால் வீரர்களுக்கு உப்பையே கூலியாகக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. அப்படிச் சொல்லும் வேறு பழைய ஆவணமும் இல்லை.

கிடைத்திருக்கும் சான்று வேறு கதை சொல்கிறது. சாக்கடலோரம் இருக்கும் மசாடா கோட்டையில், கி.பி. 70-களைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. காயஸ் மெஸ்ஸியஸ் என்ற ரோமானிய வீரனின் சம்பளக் கணக்கு அது. கைக்கு வந்த தவணை 50 டினாரியஸ் நாணயம். அதில் பார்லிக்கு 16, காலணிக்கு 5, லினன் சட்டைக்கு 7 என்று பிடித்தம் நீள்கிறது. சாப்பாட்டுச் செலவும் அவன் தலையில்தான். உப்பு மூட்டை எதுவும் கணக்கில் இல்லை. வீரனின் ஊதியத்துக்கு அந்த ஏடு ஆளும் சொல்லும் 'ஸலாரியும்' அல்ல, 'ஸ்டிபெண்டியும்'. இன்று ஆராய்ச்சி மாணவர்கள் வாங்கும் 'ஸ்டைபெண்ட்' அதன் வாரிசு. 'ஸலாரியும்' என்பது பேரரசுக் காலத்தில் அதிகாரிகளுக்குக் கிடைத்த படிக்காசுக்கு வழங்கிய பெயர். ஆக, சொல்லுக்குள் உப்பு இருக்கிறது. வீரனின் கையில் இருந்தது நாணயம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கதை 'சின்சியர்'. பளிங்குச் சிலையின் விரிசலை மெழுகால் அடைத்து ஏமாற்றிய சிற்பிகள் இருந்தார்களாம். நேர்மையானவர்கள் 'ஸினே ஸேரா', அதாவது 'மெழுகு இல்லாமல்' என்று அறிவித்து விற்றார்களாம். ரோமானிய எழுத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. 'ஸின்ஸேரஸ்' என்றால் அவர்களுக்குக் கலப்பில்லாதது, தூய்மையானது. 'ஒன்று' என்ற பொருளுள்ள தொன்மையான வேரும் 'வளர்' என்ற வேரும் அதில் சேர்ந்திருக்கலாம் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. ஒரே வளர்ச்சி, கலப்படமில்லை.

அதற்காக எல்லாக் கதையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. தேர்தலில் நிற்பவரைக் 'கேண்டிடேட்' என்கிறோமே, அது 'வெள்ளையுடுத்தியவர்' என்ற லத்தீன் சொல். ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணப்பொடியால் வெளுத்த டோகா என்ற மேலங்கியை அணிந்து வாக்குக் கேட்டார்கள். கி.மு. 64-இல் தம்முடன் போட்டியிட்டவர்களைத் தாக்கி சிசரோ ஆற்றிய உரைக்கு அந்த வெள்ளை அங்கியின் பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் கதைக்கு ரோமானியரே சாட்சி.

லத்தீன் பற்றிய தவறான நம்பிக்கைகளில் அதிகக் குழப்பம் விளைவிப்பவை சொற்களின் வாலைப் பற்றியவை. '-உஸ்' என்று முடிந்தால் ஆண்பால், '-ஆ' என்று முடிந்தால் பெண்பால் என்று பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் சொல்வார்கள். அரசமரத்தின் தாவரவியல் பெயர் 'ஃபைகஸ் ரிலிஜியோசா'. ஆலமரம் 'ஃபைகஸ் பெங்காலென்சிஸ்'. முதல் சொல் '-உஸ்' என முடிந்தும் 'ரிலிஜியோசா' பெண்பால் வடிவத்தில் நிற்கிறது. காரணம், லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். பெயரடை பார்ப்பது பெயர்ச்சொல்லின் பாலைத்தான், அதன் ஓசையை அல்ல. மறுபுறம் 'நௌடா' என்ற மாலுமியும் 'அக்ரிகோலா' என்ற உழவனும் '-ஆ' என முடிந்தாலும் ஆண்பால்.

புளியமரம் இன்னும் சுவையானது. 'டாமரிண்டஸ் இண்டிகா' என்ற பெயரில் முதல் சொல் அரபியின் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு லத்தீன் வால் ஒட்டி, 'இந்திய' என்ற பெண்பால் பெயரடையையும் சேர்த்தார். இந்தியா இரண்டு முறை இடம்பெற்ற பெயர் இது. மரத்தின் பூர்வீகமோ வெப்பமண்டல ஆப்பிரிக்கா.

இதிலேயே மற்றொரு நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது: அறிவியல் பெயர்கள் எல்லாம் லத்தீன் சொற்கள் என்பது. வேம்பின் 'அசடிராக்டா' பாரசீகத்தின் 'ஆசாத் திரக்த்'. தடையற்ற, மேன்மையான மரம் என்று பொருள். முருங்கையின் பேரினப் பெயர் 'மொரிங்கா'. 1763-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடன்சன் நூலேற்றிய அந்தப் பெயருக்குள் நம் முருங்கையே ஒலிக்கிறது. அதை அடுத்து வரும் 'ஒலிஃபெரா' மட்டும் அசல் லத்தீன், எண்ணெய் தருவது. விதையைப் பிழிந்தால் எண்ணெய் வரும், பெயர் பொய் சொல்லவில்லை. சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். லத்தீன் இலக்கணத்தில் நடக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

'-உஸ்' பன்மையில் எப்போதும் '-இ' ஆகும் என்பதும் அரைகுறைப் பாடமே. 'கார்பஸ்' பன்மையில் 'கார்போரா'. 'ஜீனஸ்' பன்மையில் 'ஜெனெரா'. 'வைரஸ்' லத்தீனில் அஃறிணைச் சொல். கசியும் நஞ்சு என்று பொருள். செவ்வியல் எழுத்தாளர்களிடம் அதன் பன்மை வழக்கில் இல்லை. 'விரி' என்று எழுதினால் ரோமானியர் அதை 'ஆண்கள்' என்றுதான் படிப்பார். தமிழில் 'வைரஸ்கள்' என்று எழுதுபவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

வாலின் வலிமைக்கு 'பஸ்' என்ற சொல்லைவிட நல்ல சான்று கிடைக்காது. 1820-களில் பிரான்சின் நான்ட் நகரில் ஸ்தானிஸ்லாஸ் பௌத்ரி ஓட்டிய குதிரை வண்டிச் சேவையோடு 'ஆம்னிபஸ்' என்ற பெயர் பரவியது. 1829-இல் லண்டன் தெருக்களுக்கும் வந்தது. 'ஓம்னிஸ்' என்றால் எல்லாம். அதன் நான்காம் வேற்றுமைப் பன்மை 'ஓம்னிபஸ்', அதாவது 'எல்லார்க்கும்'. சுருக்கும்போது மக்கள் 'எல்லாம்' என்ற பகுதியை விட்டுவிட்டு உருபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் நாம் ஏறிப் போவது ஒரு வேற்றுமை உருபில். நம் உருபுக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'மரங்களுக்கு' என்றால் பன்மைக்குக் 'கள்', வேற்றுமைக்குக் 'கு' என்று பிரித்துக் காட்டலாம். லத்தீனின் '-இபுஸ்' இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. கத்தி வைக்க இடமில்லை.

கடைசியாக, லத்தீன் இறந்த மொழி என்ற பேச்சு. மக்கள் அதைப் பேசுவதை ஒருநாள் நிறுத்திவிடவில்லை. பேசிப் பேசியே இத்தாலியமும் ஸ்பானியமும் பிரெஞ்சும் ஆக்கினார்கள். பெயர் தெரியாத ஓர் இலக்கண ஆசிரியர், மாணவர்களின் பிழைகளைத் திருத்த 227 பதிவுகள் கொண்ட பட்டியல் ஒன்று எழுதினார். 'புரோபஸின் பின்னிணைப்பு' என்று அதைச் சொல்வார்கள். கண்ணை 'ஓக்குலுஸ்' என்று சொல், 'ஓக்லுஸ்' என்று சொல்லாதே என்கிறது பட்டியல். இன்றைய இத்தாலியரின் 'ஓக்கியோ' அவர் கண்டித்த வடிவத்திலிருந்தே வந்தது. வென்றது மாணவர்களின் நாக்கு.

எழுத்து லத்தீன் தனி வழியில் நடந்தது. ஹங்கேரியில் 1844 வரை அதுவே ஆட்சிமொழி. சீகன்பால்கு 1716-இல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டதுதான். 2013 பிப்ரவரி 11 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் தமது பதவி விலகலை லத்தீனில் அறிவித்தபோது, அதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டு உலகுக்குச் சொன்னவர் அந்த மொழி தெரிந்த ஓர் இத்தாலியப் பெண் செய்தியாளர். புதிய தாவரத்தின் விவரிப்பு லத்தீனில் இருந்தாக வேண்டும் என்ற விதி 2012 ஜனவரியில்தான் தளர்ந்தது; இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். தாவரத்துக்கு வைக்கும் அறிவியல் பெயருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.