ஒரே காட்டுக்குப் போங்கள், எல்லாப் பருவத்திலும்

புது கேமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் காட்டுக்குப் போனால் புலி கிடைக்கும்?" என்பதுதான். காட்டை மாற்றாதீர்கள், பருவத்தை மாற்றிப் பாருங்கள் என்பேன். எனக்குப் பழக்கமான, நீலகிரியில் உள்ள முதுமலைப் புலிகள் காப்பகத்தை வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் மழையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதுமலையின் மேற்கில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்கே மசினகுடி, சீகூர்ப் பக்கம் மழைமறைவு, முட்காடு. மேய்ச்சலும் தண்ணீரும் மாற மாற யானைக் கூட்டங்களும் இடம் மாறும்.

2. மாசி, பங்குனியில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால் தொலைவில் இருப்பதும் தெரியும். தண்ணீர் கிடக்கும் இடங்களைக் கவனியுங்கள். உச்சி வெயிலில் படம் தேறாது. காட்டுத்தீ அபாயம் இருந்தால் சுற்றுலாவை நிறுத்திவிடுவார்கள்; விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. கோடை மழை விழுந்ததும் இளம்புல் துளிர்க்கும். புள்ளிமானும் காட்டுமாடும் வெட்டவெளிக்கு வரும். காட்டுமாட்டுக் காளைக்கு உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. கறுப்பு நிறைந்த காட்சியைக் கேமரா தானாகவே வெளுப்பாக்கும். காலின் வெள்ளை விவரம் தெரியாமல் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

4. மழைக்காலத்தில் புல் மறைத்துவிடும். அப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மந்தி உச்சிக் கிளையிலிருந்து கத்தினால், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். புள்ளிமான் சின்னச் சந்தேகத்துக்கும் குரல் கொடுக்கும். கடமான் காலைத் தரையில் உதைத்து, வாலைத் தூக்கி, விடாமல் கத்தினால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ இருக்கிறது என்று நம்பலாம். சஃபாரி வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

5. காதை விசிறிக்கொண்டு மேயும் யானை நிம்மதியாக இருக்கிறது. மேய்ச்சலை நிறுத்தி, காதை விரித்து, துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தால் விலகிப் போங்கள். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையென்றால் படமே வேண்டாம்.

6. குட்டியையும் கூட்டையும் நெருங்காதீர்கள். வரையாடு குட்டி போடும் மாதங்களில் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். வாசல் இல்லாத இடத்தில் அந்தக் கதவை நாமே சாத்திக்கொள்ள வேண்டும்.

7. காப்பகத்தின் வழியே போகும் பொதுச் சாலையில் நினைத்த இடத்தில் சொந்த வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் கூடாது. தீனி போட்டு வரவழைத்து எடுத்த படம் காட்டுப் படமே அல்ல.

8. நோட்டுப் புத்தகம் இல்லாமல் போகாதீர்கள். கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். கவனித்ததை எழுதிவைத்த கைதான் அவருடைய படங்களையும் எடுத்தது. நாள், நேரம், மழை, பூத்திருந்த மரம், விலங்கு தின்ற தழை எல்லாவற்றையும் குறியுங்கள். மறு ஆண்டு அதே மாதம் எங்கே போய் நிற்பது என்பதை உங்கள் கையெழுத்தே சொல்லிவிடும்.