டிக்கியில் ஒரு பெட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை சிக்னலில் நிற்கும் காரில் பாட்டு ஓடுகிறது. வரியும் கேட்கவில்லை, மெட்டும் பிடிபடவில்லை. நம்பர் பிளேட் அதிரும் தகரச் சத்தம் மட்டும் பின்னால் நிற்கும் ஒன்றாம் நம்பர் பஸ் வரை வருகிறது. டிக்கியில் 12 இன்ச் சப்-வூஃபர், அதன்மேல் '1,000 வாட்ஸ்' ஸ்டிக்கர். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் முகத்தில் பெருமை. அந்தப் பெருமைக்குக் காரணமான நம்பிக்கைகளில் பல தப்பு.

முதலில் வாட்ஸ். ஐந்நூறை விட ஆயிரம் இரண்டு மடங்கு அலறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று காதுக்குத் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். போதாக்குறைக்கு அந்த ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் 'பீக்' கணக்கு, கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தாங்கும் உச்சம். தொடர்ந்து தாங்குவதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண். அது அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். கடையில் கேட்க வேண்டியது அதைத்தான்.

டேஷ்போர்டு ஸ்டீரியோவும் இதில் சளைத்ததல்ல. முகப்பில் '4 x 50 வாட்ஸ்' என்று இருக்கும். செட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால், பல மாடல்களில் சிவப்பு நிறத்தில் 10 ஆம்பியர் ஃப்யூஸ். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 144 வாட்ஸ். உள்ளே போவதே 144 என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் கிடைப்பது 20 வாட்ஸ் அளவுதான்.

"ஆம்ப் சின்னதுதானே, ஸ்பீக்கர் எரியாது" என்பதும் இதே வகைக் கணக்கு. சக்தி போதாத ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) முழுதாகத் திருகினால் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அந்தக் கரகரப்பில்தான் மேல் ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் முதலில் போகின்றன. ஆம்பின் 'கெயின்' குமிழ் இன்னொரு வால்யூம் அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தத்தான் அது இருக்கிறது.

அடுத்தது இன்ச். பெரிய வூஃபர் வைத்தால் பேஸ் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. திருச்சி, தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தவில் ஒன்று போதும். தோலை மட்டும் கழற்றி ஒரு வளையத்தில் கட்டித் தட்டினால் என்ன வரும்? பலா மரத்தைக் குடைந்த கட்டையும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்துதான் அந்த நாதம். வூஃபருக்கு அந்தக் கட்டை, டிக்கியில் இருக்கும் மரப்பெட்டி. 1961-ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் வூஃபருக்கும் பெட்டிக்கும் உள்ள கணக்கை வகுத்துக் காட்டினார். எழுபதுகளில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். வூஃபருடன் வரும் தாளில் இருக்கும் 'தீல்-ஸ்மால்' எண்கள் அவர்கள் பெயரில் வந்தவை. அவற்றை வைத்துத்தான் எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் காற்று என்று பெட்டி அடிக்க வேண்டும். மூடிய பெட்டி தேவைக்கு மிகச் சிறியதானால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'பொம்'தான் வரும். துளை வைத்த பெட்டியில் துளையின் நீளம் மாறினாலே சுருதி மாறும். டிக்கியில் இடம் இருக்கும் அளவுக்கு அடித்த பெட்டியில் 12 இன்ச்சைப் போடுவதை விட, அளவெடுத்த பெட்டியில் 10 இன்ச்சைப் போடுவது மேல்.

பேஸே வரவில்லை என்று புது வூஃபர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். பல வண்டிகளில் குறை வயரில் இருக்கும். இடது கதவு ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறிவிட்டால், வலது ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இடது இழுக்கும். கீழ் ஸ்வரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். சோதிக்க ஒரு சுவர்க் கடிகார பேட்டரி போதும். ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் ஸ்டீரியோவிலிருந்து கழற்றி, பேட்டரியின் ப்ளஸ்ஸை அங்கே ப்ளஸ்ஸில் இருந்த வயரிலும் மைனஸை மைனஸில் இருந்த வயரிலும் ஒரு நொடி தொட்டால் கோன் 'டப்' என்று வெளியே வர வேண்டும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. ட்வீட்டரில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

கதவையும் மறக்கக் கூடாது. டோர் பேடைக் கழற்றினால் உள்ளே தகரத்தில் கை நுழையும் அளவு ஓட்டைகள், மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். கோனின் முதுகுப்பக்கக் காற்று அந்த ஓட்டை வழியே முன்னால் வந்து, முன்பக்கக் காற்றோடு மோதிக் கழிந்துவிடுகிறது. டேம்பிங் ஷீட் ஒட்டி அந்த ஓட்டைகளை அடைத்தாலே பழைய ஸ்பீக்கர் புதிது போலப் பேசும். ஆனால் கதவின் அடியில் இருக்கும் சின்னத் துவாரங்களைத் தொடக் கூடாது. ஐப்பசி மழையில் கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் வெளியேற அவைதான் வழி. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

"பேஸ் அலை நீளமானது, காருக்குள் அடங்காது, வெளியே நின்றால்தான் கேட்கும்" என்று சொல்பவர்களும் உண்டு. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதன் அலை எட்டு மீட்டருக்கு மேல், காரோ நாலு மீட்டர். கணக்கு சரி, முடிவு தப்பு. அலை நீளம்தான் தடை என்றால் ஹெட்ஃபோனில் பேஸ் கேட்கவே கூடாது. மூடிய சின்ன இடத்தில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதே பேஸ். கார் அதற்கு உதவத்தான் செய்கிறது. ஜன்னலை இறக்கியதும் பேஸ் மெலிவது அதனால்தான்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடு என்பார்கள். 500 வாட்ஸ் இழுக்கும் ஆம்புக்கு, வோல்ட் 14.4-லிருந்து 12-க்கு இறங்குவதற்குள் அது ஈடுகொடுப்பது நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம். குறை ஆல்டர்னேட்டரிலோ பேட்டரியிலோ எர்த் வயரிலோ இருக்கும். அதை விட அவசரமானது ஒன்று: ஆம்புக்குப் போகும் ப்ளஸ் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லாத வயர் எங்காவது தகரத்தில் உரசினால் வண்டியே தீப்பிடிக்கும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே யாருக்கும் தொந்தரவில்லை என்பது மிச்சமிருக்கும் நம்பிக்கை. கண்ணாடியும் சுவரும் மேல் ஸ்வரங்களைத் தடுக்கும், பேஸை அவ்வளவாகத் தடுக்காது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபல். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் வீட்டுத் திண்ணை தெருவை ஒட்டியே இருக்கிறது. வண்டி அங்கே திரும்பும்போது சப்-வூஃபர் குமிழைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.