பக்கக் கண்ணாடி திரும்பாவிடில்

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செலவுச் சீட்டுகளைப் பரிசீலித்தபோது, அச்சங்கத்தின் பிக்கப் வண்டிக்கு ஜோடியாக வாங்கிய பவர் மிரர்களில் இடப்புறத்தது ஆறு மாதத்திற்குள் மாற்றப்பட்டிருக்கக் கண்டோம். மோதி உடைந்ததோ என்று காரியதரிசியை வினவினோம். "உடையவில்லை ஐயா, விசையை அழுத்தினால் இடம் வலமாகத் திரும்பவில்லை. ஒர்க்‌ஷாப்பில் புதிது போடச் சொன்னார்கள். போட்டோம். பத்து நாள் வேலை செய்தது; மறுபடியும் அதே கதை" என்றார். மற்றொன்று வாங்க நிர்வாகக் குழுவின் அனுமதி கோரும் குறிப்பும் கோப்பில் இருந்தது. அதனை நிறுத்தி வைக்கச் சொல்லி, வண்டியைப் பார்க்கச் சென்றோம்.

கையால் திருப்பும் கண்ணாடி இருக்க, மின்சாரக் கண்ணாடி ஆடம்பரமல்லவா என்று பொதுச் சபையில் ஓர் அங்கத்தினர் கேட்டாராம். நம் அபிப்பிராயம் வேறு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். இடப்புறக் கண்ணாடி அவர் கைக்கு எட்டாது. ஜவுளிப் பேல்களை உயர அடுக்கினால் உள்கண்ணாடியில் பேலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவ்வண்டியை நெடியவர் ஒருவரும் குட்டையானவர் ஒருவரும் முறை மாற்றி ஓட்டுகின்றனர். ஆள் மாறும்போதெல்லாம் கண்ணாடியையும் மாற்றவேண்டும். கைக்கு எட்டாததை யாரும் மாற்றுவதில்லை. இடப்புறமாக வரும் சைக்கிள்காரரின் உயிர் அதில் இருக்கிறது.

இக்கண்ணாடியின் அமைப்பு சிக்கலானதன்று. கண்ணாடித் தகட்டின் பின்னால் இரண்டு சிறு மோட்டார்கள் உள்ளன. ஒன்று மேலும் கீழும், மற்றொன்று இடமும் வலமும் அசைக்கும். இரண்டிற்குமாகப் பெரும்பாலும் மூன்றே கம்பிகள்: மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு தனிக் கம்பிகள், இரண்டிற்கும் பொதுவாக ஒன்று. விசையை ஒரு பக்கம் அழுத்தினால் பொதுக் கம்பி பாட்டரியின் பாஸிடிவ் முனையோடும், தனிக் கம்பி எர்த்தோடும் சேர்கின்றன. எதிர்ப்பக்கம் அழுத்தினால் இவை இடம் மாறுகின்றன. மோட்டாரும் எதிர்த்திசையில் சுழல்கிறது. எர்த்தும் விசையின் வழியாகவே வருகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். விசையின் எர்த் கெட்டால் இரு கண்ணாடிகளும் ஒருங்கே நின்றுவிடும்.

புதிதாகப் பொருத்துவோர் 12 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் லாரிக் கண்ணாடியை மலிவென்று வாங்கிவிடக் கூடாது. கனெக்டர் ஒன்றுபோல் இருப்பதாலேயே கம்பிகளின் வரிசையும் ஒன்றென்று கொள்ளுதல் தவறு. மேலே அழுத்த இடப்புறம் திரும்பினால் கம்பிகள் மாறியுள்ளன என்பது பொருள். வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுக. சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து, தனிப் பியூஸ் வைத்துக் கம்பி எடுக்கவேண்டும். பனித்துளியைப் போக்கும் சூடேற்றி உள்ள கண்ணாடியானால், சூடேற்றிக்குத் தனி ரிலேயும் தனிப் பியூஸும் வேண்டும்; மோட்டாரைவிட அது பன்மடங்கு மின்னோட்டம் கொள்ளும். புது மாதிரி வண்டிகள் சிலவற்றில் விசை வெறும் சமிக்ஞையே அனுப்ப, கதவினுள் உள்ள மின்னணுப் பெட்டி மோட்டாரை இயக்கும். அவ்வண்டிகளில் கம்பியை வெட்டி ஒட்டும் வேலைக்கு யாரும் இறங்கவேண்டாம்.

இனி, பழுது காண்பது. இரு கண்ணாடிகளும் அசையாவிடில் முதலில் பியூஸையும், பிறகு விசைக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் பார்க்கவேண்டும். பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவுள்ளதையே போடுக. பெரிய பியூஸ் போட்டால் அடுத்தபடி எரிவது கம்பியாகும். ஒரு பக்கம் மட்டும் இரு அசைவுகளும் நின்றால் அப்பக்கத்துப் பொதுக் கம்பியைச் சந்தேகிக்கலாம். ஓர் அசைவு மட்டும் நின்றால் அதன் தனிக் கம்பி, விசையின் அப்பகுதி, அன்றேல் மோட்டார். மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் தகடு அசையாவிடில் பற்சக்கரம் தேய்ந்தது; அங்கே வயரிங்கில் குற்றமில்லை.

கம்பியா, மோட்டாரா என்று அறிய எளிய உபாயம் உண்டு. கண்ணாடியின் கனெக்டரைக் கழற்றி, கதவுப் பக்கத்துப் பொதுக் கம்பிக்கும் அசையாத மோட்டாரின் தனிக் கம்பிக்கும் இடையே 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை இணைத்து விசையை அழுத்துக. பல்பு பிரகாசமாக எரிந்தால் கம்பி நல்லது, மோட்டாரே பழுது. மங்கினாலும் எரியாவிட்டாலும் கோளாறு கம்பியிலோ விசையிலோ உள்ளது. மல்டிமீட்டரே 12 வோல்ட் காட்டுகிறதே, பல்பு எதற்கு என்பர் சிலர். ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். மீட்டர் கொள்ளும் மின்னோட்டம் அத்துணை அற்பம். சுமை ஏற்றினால்தான் இழையின் பலம் தெரியும். ஆயினும் ஏர்பேக் கம்பிகளிலும் (பெரும்பாலும் மஞ்சள் உறை உடையவை) மேற்சொன்ன மின்னணுப் பெட்டியுள்ள இணைப்புகளிலும் பல்பை வைக்கலாகாது.

சங்க வண்டியில் இவ்வாறே பல்பை இணைத்தோம். கதவு திறந்திருந்தபோது பிரகாசமாக எரிந்தது. காரியதரிசி நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பல்பைச் சன்னல் வழியே வெளியே தொங்கவிட்டு, கதவைச் சாத்தி மீண்டும் அழுத்தினோம், எரியவில்லை. கதவுக் கீலருகே கம்பிகள் நுழையும் ரப்பர் உறையை விலக்கினோம். நீல நிறக் கம்பியின் மேலுறை முழுமையாகவே இருந்தது. ஆனால் விரலால் நெருடிப் பார்த்தபோது ஓரிடம் துவண்டது. மெல்ல இழுத்தால் உறை மட்டும் ரப்பர்போல் நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. பாவில் அறுந்த இழையை விரலால் தேடும் நம் நெசவாளர்க்கு இது புதிதன்று. கம்பியை இழுவிசையோடு இறுக்கிப் பொருத்தியிருந்தபடியால், கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதே இடம் மடிந்து ஒடிந்திருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி மாற்றியபோது கதவு திறந்தே இருந்திருக்கும். ஒடிந்த முனைகள் ஒன்றையொன்று தொட, புதுக் கண்ணாடி வேலை செய்தது. புதிதினால் குணமாயிற்று என்று அனைவரும் நம்பினர்; பில்லும் பாஸாயிற்று. பழைய கண்ணாடி வேலை செய்யுமா என்று அன்று எவரும் பார்க்கவில்லை.

அறுந்த பகுதியை நீக்கி, சற்று நீளமான கம்பியை, கதவு முழுதும் திறந்தாலும் இழுபடாத தளர்ச்சியோடு வைத்து, ஒட்டுகள் கீலின் மடிப்பில் வாராதபடி தள்ளி ஈயம் வைத்து உறையிட்டாயிற்று. செலவு ஒரு முழக் கம்பியும் அரை நாள் கூலியும். கழற்றிய பழைய கண்ணாடியைக் கிடங்கிலிருந்து வரவழைத்து இணைத்துப் பார்த்தோம்; நான்கு திசையிலும் செம்மையாகத் திரும்பிற்று. அது உதிரிச் சாமானாக இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டது. புதுக் கண்ணாடி கோரிய குறிப்பைக் காரியதரிசி அன்றே வாபஸ் பெற்றுக்கொண்டார்.