மண் சொல்லும் கணக்கு

நாம் வாழும் அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை நீடிக்கும். வாழை, கொய்யா, பப்பாளி ஆகியவை இங்குச் செழித்து வளர்வதற்கு இம்மழையே காரணம். பழத்தோட்டத்திற்கு இட்ட உரத்தைக் கடலில் கொண்டு சேர்ப்பதும் இம்மழையே.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. மண்ணில் இட்ட யூரியா முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியம் நேர்மின்சுமை உடையது. ஆதலால் களிமண் அதனைப் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டும் களிமண் துகளும் எதிர்மின்சுமை உடையவை. ஆதலால் அவை ஒட்டுவதில்லை. நீர் செல்லும் வழியே நைட்ரேட்டும் சென்றுவிடும். கப்பலேறி வந்த உரமும், உழவர் கொடுத்த விலையும் இவ்வாறு வீணாகின்றன. அவ்வுரம் ஓடை வழியே கடலை அடைந்தால் பாசி பெருகும், பவளப்பாறைகள் நலியும். வண்டூரில் 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் பவளங்களை எண்ணிப் பாருங்கள்!

குழந்தையின் பசியறிந்து உணவூட்டுகிறாள் தாய். மண்ணின் நிலையறிந்து உரமிட உதவும் கருவியே மண் உணரி. அது மண்ணுள் மெல்லிய மின்புலத்தைச் செலுத்தி, ஈரத்தின் அளவைக் கணிக்கிறது. ஓர் உணரியை வேர் பரவிய ஆழத்திலும், மற்றொன்றை அதற்குக் கீழும் புதைப்பர். மழைக்குப் பின் மேல் உணரியில் மட்டும் ஈரம் உயர்ந்தால், சத்து வேரருகே நிற்கிறது என அறியலாம். கீழ் உணரியிலும் உயர்ந்தால், நீர் வேரைக் கடந்துவிட்டது. நைட்ரேட்டும் உடன் சென்றிருக்கும். இதனை அறிந்த உழவர், உரம் முழுவதையும் ஒரே முறையில் இடார். சிறு பகுதிகளாகப் பிரித்து, பெருமழை ஓய்ந்தபின் இடுவார்.

மண்ணின் மின்கடத்துதிறனை அளக்கும் உணரிகளும் உண்டு. நைட்ரேட் மிகுந்தால் அவ்வளவு உயரும். கடலுப்பு மிகுந்தாலும் உயரும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளின் வயல்களிலும் தோட்டங்களிலும் புகுந்தது. உவர் ஏறிய அத்தகைய நிலத்தில், உயர்ந்த எண்ணைக் கண்டு "சத்து நிறைந்துள்ளது" என முடிவு செய்தால் மரம் பட்டினி கிடக்கும். எனவே மண் மாதிரியை ஆய்வகத்திலும் சோதித்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டு அறிமுகமான மண்வள அட்டையில் தழைச்சத்து, மின்கடத்துதிறன் உள்ளிட்ட 12 அளவுகள் குறிக்கப்படுகின்றன.

முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. இலை மட்டும் தழைத்துக் காய் குறைந்தால் அதன் மிகுதி எனலாம். இவ்வாறு கண்டறியும் உழவரின் கண்ணுக்கு உணரி துணையாகுமேயன்றி மாற்றாகாது.

அருஞ்சொற்பொருள்

தழைச்சத்து – நைட்ரஜன்
ஆழிப்பேரலை – சுனாமி
உவர் – உப்புத்தன்மை
இடார் – இடமாட்டார்

பயிற்சி

1. நைட்ரேட் மழைநீருடன் எளிதில் செல்வது ஏன்?
2. இரண்டு ஆழங்களில் உணரி புதைப்பதன் பயன் யாது?
3. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து எத்தனை கிலோ?
4. பிரித்து எழுதுக: அவ்வுரம், வேரருகே, கடலுப்பு.
5. உங்கள் வீட்டருகே உள்ள தோட்டக்காரர் ஒருவரிடம், எப்போது, எவ்வளவு உரமிடுகிறார் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.