சுகாதாரப் போதனையில் திரைப்படம்

கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் ஒருங்கே அமையும்போது கருத்து மனத்தில் எளிதில் பதியும் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் படம் காட்டப்பட்டுவிட்டது என்பதனாலேயே பாடம் கற்கப்பட்டுவிட்டது எனக் கொள்ளுதல் கூடாது. காட்சிக்கு வந்தோர் தொகையைப் பதிவேட்டில் குறிப்பது எளிது. கண்டதைத் தம் வீட்டில் செய்ய வல்லவர் எத்தனை பேர் என்பதே நாம் அறிய வேண்டுவது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் அதற்குரிய உப்புச் சர்க்கரைக் கரைசலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

படத்தால் இயல்வது

கண்ணுக்குப் புலனாகாத கிருமியைத் திரையில் காட்டலாம். மலத்திலிருந்து ஈயின் வழியாகவும் கைகளின் வழியாகவும் நோய் உணவை அடைவதையும், உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறக் குழந்தை வாடுவதையும் சில நிமிடங்களில் விளக்கலாம். எழுத்தறியாதாரும் இவற்றை உணர்வர்.

மேலும், படம் நெடுந்தொலைவு செல்ல வல்லது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நம் நாட்டில் நடைபெற்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிக் கல்விச் சோதனையின்போது, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் சுகாதாரம், வேளாண்மை, கல்வி ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகள் எட்டின. ஆனால் வானிலிருந்து வரும் ஒளிபரப்பை இடையில் நிறுத்தி, “விளங்கிற்றா?” என்று வினவ இயலாது.

படத்தால் இயலாதது

முதலாவது, அளவு. ஒரு லிட்டர் நீருக்கென அமைந்த பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும்; இரண்டு லிட்டரில் கரைத்தால் உரிய பயன் கிட்டாது. திரையில் தோன்றும் பாத்திரம் ஒரு லிட்டர் கொள்வதா, இரண்டு லிட்டர் கொள்வதா என்பதைப் பார்ப்பவர் எவ்வாறு அறிவர்? அண்மைக் காட்சியில் சிறு பொருளும் பேருருவாய்த் தோன்றும்.

இரண்டாவது, ஐயம் தீர்த்தல். கரைசல் பேதியை உடனே நிறுத்துவதில்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்து உயிரைக் காக்கிறது. பேதி நிற்கவில்லையே என்று கவலையுறும் தாய்க்கு இதனை எடுத்துரைக்க அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

அண்டை நாட்டு அனுபவம்

வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களுக்குப் பெண் ஊழியரை அனுப்பி, உப்பும் வெல்லமும் கொண்டு கரைசல் தயாரிக்கக் கற்பித்தது. பின்னர் வேறு ஊழியர் சில இல்லங்களுக்குச் சென்று தாய்மாரைச் சோதித்தனர். தாய் நினைவில் கொண்டிருந்த அளவிற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம் வழங்கப்பட்டது.

தாய்மார் நன்கு கற்றனர்; எனினும் தொடக்கத்தில் பலர் கரைசலைப் பயன்படுத்தவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியருள் பலரே அதில் முழு நம்பிக்கை கொண்டிருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. அதன்பின் ஊழியருக்கு அறிவியல் விளக்கம் அளிக்கப்பட்டது. தாயே தன் கையால் கரைசலைத் தயாரிக்கவும், ஊழியர் அதனைப் பருகிக் காட்டவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆடவருக்குத் தனிக் கூட்டங்கள் நடைபெற்றன. வானொலியும் தொலைக்காட்சியும் துணைநின்றன. நேர்முகப் போதனையும் ஒலி-ஒளிச் சாதனங்களும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

செய்முறை

காட்சிக்கு முன்: ஊழியர் படத்தை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். அதன் மொழி அவ்வூராருக்கு விளங்குமா என ஆராய்க. கூட்டம் சிறிதாயிருத்தல் நலம். வீட்டில் நாள்தோறும் புழங்கும் பாத்திரத்தைக் கொண்டுவருமாறு தாய்மாரிடம் முன்னரே கூறுக.

காட்சியின்போது: இன்று வீடியோப் படத்தை விரும்பிய இடத்தில் நிறுத்த இயலும். இவ்வசதியைப் பயன்படுத்துக. கரைசல் தயாரிக்கும் காட்சிக்குச் சற்று முன் நிறுத்தி, “இனி என்ன செய்வீர்கள்?” என்று வினவுக. விடையைக் கேட்டபின் படத்தைத் தொடர்க.

காட்சிக்குப் பின்: அளந்த ஒரு லிட்டர் தூய நீரை ஒவ்வொரு தாயின் பாத்திரத்திலும் ஊற்றி, நீர்மட்டத்தை அடையாளமிடுக. ஒரு லிட்டருக்குரிய பொட்டலம் ஒன்றை முழுவதுமாக அவர்களே கரைக்கட்டும். சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் புகட்ட வேண்டும். தயாரித்து 24 மணி நேரம் கடந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. குழந்தை பருக இயலாதிருந்தாலோ, சோர்ந்து மயங்கினாலோ, மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ தாமதமின்றி மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவற்றை அவர்கள் வாயாலேயே கூறச் செய்க.

பள்ளி ஆசிரியரும் இம்முறையைக் கையாளலாம். மாணவர் தம் வீட்டுப் பாத்திரத்தின் கொள்ளளவை அளந்து வருவது சிறந்த பயிற்சியாகும்.

ஒரு மாதம் கழித்துச் சில இல்லங்களுக்குச் சென்று, கரைசலைத் தயாரித்துக் காட்டுமாறு கேட்க வேண்டும். பிழை காணப்படின் தாயைக் குறை கூறாது, போதனையின் எப்பகுதி விளங்கவில்லை என்று ஆராய்ந்து அதனைத் திருத்துவதே முறை. நள்ளிரவில் குழந்தைக்குப் பேதி கண்டால், அவ்வீட்டில் திரையும் இராது, ஊழியரும் இரார். தாயின் கைகள் கற்றுக்கொண்டதே அப்போது உதவும்.