ஸ்கூபாவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி? ஒரு குட்டி மார்க்கெட்டிங் பாடம்

"இந்தப் பேனாவை எனக்கு வித்துக் காட்டு"ன்னு இன்டர்வியூவுல கேட்பாங்கன்னு சீனியர்ஸ் சொல்லியிருப்பாங்க. பேனா ஈஸி. கடலுக்கு அடியில மூச்சு விடுறதை கடலூர்க்காரங்களுக்கு வித்துக் காட்டுங்க பார்ப்போம்!

ஏன் கஷ்டம்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்த மாவட்டம் இது. சில்வர் பீச்சுக்குப் போனாலே "தண்ணியில இறங்காதே"ன்னு வீட்டிலிருந்து போன் வரும். ஆனா பக்கத்துப் புதுச்சேரியிலேயே டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் மாதிரி டைவிங் மையம் இருக்கு. அதனால தூரம் ஒரு தடையே இல்ல, பயம்தான் தடை. அதை எப்படிக் கையாளணும்?

1. கவனம் வேற, கஸ்டமர் வேற

2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரை கடலில், சுமார் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி மாலை மாத்திக்கிட்டாங்க. செய்தி நாடு முழுக்கப் பரவுச்சு. பார்த்தவங்க "சூப்பர்"ன்னு சொல்லிட்டு நகர்ந்திருப்பாங்க. ஏன்னா அது "அவங்களால முடியும்"னு காட்டுச்சு. 2011-ல வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' இந்திப் படத்துல, தண்ணீரைக் கண்டாலே பயப்படுற ஹிருத்திக் ரோஷன் பாத்திரம் முதல் தடவை டைவ் பண்ணும். அங்கே பார்க்கிறவன் தன்னையே பார்க்கிறான். விளம்பரத்துக்கு வேண்டியது இந்த ரெண்டாவது வகை ஆள்.

2. பிச்சாவரம் ஃபார்முலா

சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரம் போறவங்க எல்லாருக்கும் நீச்சல் தெரியுமா? தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்தா போதும், துடுப்பு போட ஆள் இருக்கு. முதல் படி அவ்வளவு சின்னது. ஸ்கூபாவிலும் அப்படி ஒரு படி இருக்கு: பாடி அமைப்பின் 'டிஸ்கவர் ஸ்கூபா டைவிங்'. 10 வயசு நிரம்பியிருந்தா போதும், முன் அனுபவம் வேண்டாம், 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டாங்க, பயிற்சியாளர் கூடவே இருப்பார். 200 மீட்டர் நீச்சல், 10 நிமிஷம் மிதக்கிறது எல்லாம் அடுத்த கட்டமான 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸுக்குத்தான். இந்த வித்தியாசத்தைத் தமிழில் தெளிவா சொன்னாலே பாதிப் பேர் யோசிக்க ஆரம்பிப்பாங்க.

3. ஆபத்தை மறைக்காதீங்க

பாயில் விதி ஞாபகம் இருக்கா? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேல இருக்கிறதை விட ரெண்டு மடங்கு. அங்கே முழுசா மூச்சை இழுத்து அடக்கிக்கிட்டு மேலே வந்தா, நுரையீரலில் உள்ள காற்று ரெண்டு மடங்காக விரியப் பார்க்கும்; நுரையீரல் கிழியலாம். அதனாலதான் முதல் விதி: மூச்சை அடக்கவே கூடாது.

"நூறு சதவீதம் பாதுகாப்பு"ன்னு போஸ்டர் அடிச்சா என்ன ஆகும்? ஆஸ்துமா இருக்கிற பையன், மருத்துவப் படிவத்துல "இல்லை"ன்னு டிக் அடிச்சிட்டு இறங்குவான். அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு உயிரும் போகும், இந்தக் கடற்கரையில டைவிங் மேல இருக்கிற நம்பிக்கையும் போகும். "இவங்க எல்லாம் இறங்கக் கூடாது, டாக்டரைக் கேளுங்க"ன்னு சொல்ற மையத்தைத்தான் ஒரு அம்மா நம்புவாங்க.

ஹோம் வொர்க்

ஒரு ஏ4 தாள் எடுங்க. உங்க அம்மா கேட்கப்போற நாலு கேள்விக்குத் தமிழில் பதில் எழுதுங்க: எவ்வளவு ஆழம்? கூட யார் இருப்பாங்க? மூச்சு முட்டினா என்ன பண்ணுவாங்க? யார் போகக் கூடாது? எழுதி அம்மாகிட்டயே படிச்சுக் காட்டுங்க. அவங்க அஞ்சாவதா ஒரு கேள்வி கேட்டா, அதையும் போஸ்டர்ல சேருங்க.